கடலூர், புதுச்சேரி வெங்காய வடகம்: அளவு, பக்குவம், கெடுகிற இடம்

கெடிலக்கரை

பங்குனி பாதி கடந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வரை மொட்டை மாடிகளில் பழைய வேட்டி விரித்து, குழம்பில் தாளித்துக் கொட்டுகிற வெங்காய வடகம் காயத் தொடங்கும். தெருமுனையில் நின்றாலே எந்த வீட்டில் போட்டிருக்கிறார்கள் என்று வாடை சொல்லிவிடும். வஞ்சிரமும் சங்கராவும் எல்லாக் கடற்கரையிலும் கிடைக்கும். குழம்பைக் கொதியோடு திறந்ததும் "இது நம்ம ஊர்க் குழம்பு" என்று தெரிவது வடகத்தால்தான். அந்தப் பக்குவத்தை அளவோடு ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று இந்த இழை.

கடலூர்ப் பக்கத்து அளவு: சின்ன வெங்காயம் 5 கிலோ, பூண்டு அரை கிலோ, தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை கிலோ, கடுகு 300 கிராம், சீரகம் 200, வெந்தயம் 100, மஞ்சள்தூள் 50, கல்லுப்பு 200, கறிவேப்பிலை நாலு கைப்பிடி, விளக்கெண்ணெய் கால் லிட்டர். வெந்தயத்தில் மட்டும் கை தாராளம் காட்டக் கூடாது. 150 கிராமைத் தாண்டினால் வருஷம் முழுக்கக் குழம்பு கசக்கும், திருத்த வழியில்லை.

வெங்காயத்தில் மேல்சருகு, வேர், முனை போனால் போதும். உரலில் போட்டு ஒவ்வொன்றும் மூன்று நாலாக நசுங்கும்படி இடிக்க வேண்டும். விழுதாகிவிட்டால் சாறு மொத்தமும் பிரிந்துவிடும். மிஞ்சுவது காய்ந்ததும் கல்லு மாதிரி இறுகும், எண்ணெயில் போட்டால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரே ஒரு சுற்று, அதோடு நிறுத்த வேண்டும். பூண்டைத் தோலோடு தட்டினால் போதும். உளுந்தைக் கழுவி நிழலில் உலர்த்திச் சேர்க்கலாம், ஊறவைக்கத் தேவையில்லை. வெங்காயச் சாற்றிலேயே ஊறிவிடும்.

எல்லாவற்றையும் பாதி விளக்கெண்ணெயோடு பிசைந்து, வாயகன்ற மண்பானையிலோ எவர்சில்வர் அண்டாவிலோ அழுத்தி மூடி, ஒரு ராத்திரி வைக்க வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியதும் கை கையாக எடுத்து, பிழிந்து, உருட்டி வேட்டியில் வைக்க வேண்டும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், அதில்தான் வாசனை இருக்கிறது. பாத்திரத்திலேயே இருக்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு உருண்டைகளை உதிர்த்து அதே சாற்றில் போட்டுக் கலந்து மூடுங்கள். மறுநாள் மறுபடி பிழிந்து உருட்டிக் காயவைக்க வேண்டும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சாறு மொத்தமும் உள்ளே போய்ப் பாத்திரம் வறண்டுவிடும். அன்றைக்குத்தான் கையில் மீதி எண்ணெய் தடவி, எலுமிச்சை அளவுக்கு இறுக்கிக் கடைசி உருண்டை. அதற்குப் பிறகு ஆறேழு நாள் வெயில், தினம் ஒருமுறை புரட்டல்.

பாகூரான்

அண்ணே, அளவு சரியா இருக்கு. விளக்கெண்ணெயில மட்டும் எங்க பக்கம் வேற மாதிரி. பாகூர், வில்லியனூர்ப் பக்கமெல்லாம் முதல் பிசைவுல எண்ணெயே கிடையாது. முதல்லயே எண்ணெய் பட்டா வெங்காயத்துமேல படலம் கட்டிக்கும், ஈரம் வெளிய வர ரெண்டு நாள் கூடப் பிடிக்கும். சாறு மொத்தமும் இழுத்த பிறகு கடைசி உருட்டுல முழு எண்ணெயும் போட்டா உருண்டை பிடிச்சுக்கவும் செய்யும், பூச்சியும் அண்டாது. விளக்கெண்ணெய் தவிர வேற எண்ணெய் ஆகாது. கடலையெண்ணெய் போட்டா மழைக்காலம் வர்றதுக்குள்ள சிக்கு வாடை ஏறிடும்.

பூண்டும் நாங்க ஒரு கிலோ வரைக்கும் போவோம். அப்புறம் எங்களுக்கு இது வடவம். இந்த வார்த்தையும் பொருளும்தான் பிரெஞ்சுக்காரங்க கிட்டப் போய் வாதுவான்ங்கிற மசாலா ஆச்சு. புதுச்சேரி அவங்க கையை விட்டுப் போனது 1954 நவம்பர் 1, சட்டப்படி மாறினது 1962 ஆகஸ்ட் 16. ஆனா வடவத்தை இன்னும் பிரான்ஸ் சமையல்காரங்க விடல. அங்க உருண்டையா வராது, உதிரியா இருக்கும். வெயிலுக்குப் பதிலா அடுப்புப் பெட்டியில குறைஞ்ச சூட்டுல உலர்த்துவாங்க, உளுந்தும் விளக்கெண்ணெயும் பெரும்பாலும் போடமாட்டாங்க. வாசனை கிட்டத்தட்ட வரும். ஆனா ஒரு ராத்திரி சாற்றுல ஊறி, மறுநாள் வெயில்ல வெந்து, திரும்ப ஊறி வர்ற அந்த லேசான புளிப்பு அதுல கிடைக்காது. நம்ம மாடியில விளையுறது அது.

பால்கனிவெயில்

நான் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கேன், மாடிக்கு அனுமதி இல்லை. பால்கனியில் காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும்தான் வெயில். ஒரு கிலோ போட்டால் வருமா? பெரிய வெங்காயம் கலக்கலாமா?

கெடிலக்கரை

ஒரு கிலோ தாராளமாகப் போடுங்கள். எல்லா அளவையும் ஐந்தால் வகுத்தால் சரி. உப்பில் மட்டும் சொட்டு கூட, 50 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வெயில் நேரம் குறைவு, புளித்துப்போகாமல் காப்பது உப்புதான். உருண்டையையும் நெல்லிக்காய் அளவுக்குச் சிறிதாக்குங்கள்.

பெரிய வெங்காயம் வேண்டாம். அதில் தண்ணீர் கூடுதல், சாறு இழுக்கவே ஐந்து நாள் போகும், அதற்குள் நொதித்துவிடும். காரமும் குறைவு, காய்ந்த பிறகு வெறும் சருகு மாதிரி நிற்கும். சின்ன வெங்காயத்திலும் புது ஈர வெங்காயம் ஆகாது. கையில் எடுத்தால் சருகு சலசலக்கிற காய்ந்த வெங்காயமாகப் பார்த்து வாங்குங்கள்.

பாகூர்த் தம்பி சொன்ன எண்ணெய்க் கணக்கு உங்கள் பால்கனிக்குப் பொருத்தம். முதலில் எண்ணெய் வேண்டாம்.

உப்பனாறு

எண்ணெய், பூண்டெல்லாம் பேசியாச்சு, காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. நம்ம கரையில் சித்திரை, வைகாசியில் காலையில் மேற்கே இருந்து காய்ந்த காற்று வரும். நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழையும். உடம்புக்கு இதம், வடகத்துக்கு ஆகாது, அதில் ஈரமும் உப்பும் இருக்கிறது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, முதுநகர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் ஒன்பது மணிக்கு வைத்து மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பண்ருட்டி, நெய்வேலியில் கடற்காற்று எட்டுவதற்குள் பொழுது சாய ஆரம்பிக்கும், அவர்கள் ஐந்து மணி வரை விடலாம். அதே வடகம் அங்கே எட்டு நாளில் முடியும், கரையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

மே 4 வாக்கில் தொடங்குகிற கத்திரி வெயிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த நாட்களில் சாயங்கால இடிமழை சகஜம். சித்திரை முதல் வாரத்தில் தொடங்கினால் கத்திரி பிறப்பதற்குள் ஜாடிக்குப் போய்விடும்.

மேகம் மூடிக்கொண்டால் என்ன செய்வது? இரண்டாம் மூன்றாம் நாள் என்றால் உருண்டையாக வைத்திருக்கவே கூடாது. மொத்தத்தையும் உதிர்த்து, முறத்திலோ தாம்பாளத்திலோ விரல் கனத்துக்குப் பரப்பி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். கள்ளுப் புளிப்பு வாடை லேசாக வந்தால் பயமில்லை, வெயில் பட்டதும் போய்விடும். கையில் எடுத்தால் நூல் இழுக்கிறது, வழவழக்கிறது என்றால் போனது போனதுதான், கொட்டிவிடுங்கள். எட்டாம் நாள் மழை வந்தால் அவ்வளவு ஆபத்தில்லை, துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு மறுநாள் விடலாம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் உருண்டையை உடைக்க வேண்டும். மேலே கருஞ்சிவப்பாக, எண்ணெய் மினுக்கோடு இருக்கும், அதை நம்பாதீர்கள். நடுவில் ஒரு பூண்டுப் பல் அகப்படும். அதை நகத்தால் கீறுங்கள். மெழுகு மாதிரி அமுங்கினால் இன்னும் ஈரம். கண்ணாடித் துண்டு மாதிரி பட்டென்று ஒடிந்தால் சரி. பக்கத்தில் இருக்கிற உளுந்து பல்லில் வைத்தால் ஒட்டாமல் நொறுங்க வேண்டும். எடை போட்டும் பார்க்கலாம்: மேலே சொன்ன 5 கிலோ அளவு காய்ந்து முடியும்போது இரண்டே முக்காலிலிருந்து மூன்று கிலோவுக்குள் நிற்கும். மூன்றரை இருந்தால் ஜாடியில் போடாதீர்கள், ஐப்பசிக்குள் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும்.

பீங்கான் ஜாடி, இல்லாவிட்டால் பழகின மண்பானை. பிளாஸ்டிக் டப்பாவில் அந்த வாடை ஏறினால் பிறகு டப்பா வேறெதற்கும் உதவாது. புரட்டாசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து ஒருமுறை வெளியே எடுத்துக் காயவைத்துவிட்டால் வடகிழக்குப் பருவமழையைத் தாண்டி அடுத்த பங்குனி வரைக்கும் வரும்.

செம்மண்

பண்ருட்டியில இருந்து எழுதறேன். வடகம் போடுற அதே சித்திரை, வைகாசியிலதான் எங்க பக்கம் பலா வெட்டு, முந்திரிக் கொட்டைப் பொறுக்கு எல்லாம். மாங்காயும் அப்போதான். விசைப்படகுக்குத் தடை ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், அதனால வஞ்சிரம் மாதிரிப் பெரிய மீன் வரத்து குறைஞ்சிருக்கும், கருவாடு தாராளமா புழங்கும். இது மொத்தமும் ஒரே சட்டியில சேர்ற குழம்பு ஒண்ணு இருக்கு. அதை எழுதாம இந்த இழை முடியக் கூடாது.

நாலு பேருக்கு: பலாக்கொட்டை இருபது, புளிப்பு மாங்காய் ஒண்ணு, நெத்திலிக் கருவாடு 100 கிராம், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி ரெண்டு, புளி கோலிகுண்டு அளவு போதும், குழம்பு மிளகாய்த்தூள் ரெண்டரை மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி, வடகம் ஒரு உருண்டை.

பலாக்கொட்டை மேல இருக்கிற வெள்ளைத் தோலை உரிச்சிடணும், அது வேகாது. உள்ள இருக்கிற செம்பழுப்புத் தோல் இருக்கலாம், அதுதான் கொட்டையை உடையாம பிடிச்சிக்கும். ரெண்டா நறுக்கி உப்புப் போட்டு இருபது நிமிஷம் தனியா வேகவைக்கணும். புளித்தண்ணியில நேரா போட்டா எவ்வளவு கொதிச்சாலும் நறுக்கு நறுக்குனே நிக்கும். கருவாட்டைத் தலை கிள்ளிட்டுச் சுடுதண்ணியில பத்து நிமிஷம் ஊறப்போட்டு, மணல் போக மூணு தண்ணி அலசணும். மாங்காயைக் கொட்டையோட நறுக்கிக் கடைசி எட்டு நிமிஷத்துலதான் போடணும். உப்பு எல்லாத்துக்கும் பின்னாடி, கருவாடு கொதிச்சு இறங்கின பிறகு நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான்.

இவ்வளவு பலாவும் முந்திரியும் இங்க ஏன்னா, மண்ணு. திருவக்கரை கல்மரம் கிடக்கிற இடத்துலேர்ந்து புதுச்சேரி கோரிமேடு, இந்தப் பக்கம் பண்ருட்டி, நெய்வேலி வரைக்கும் செம்மேடு ஒண்ணு போகுது. நிலவியல் படிச்சவங்க இதுக்குக் கடலூர் மணற்கல்லுன்னு நம்ம ஊர்ப் பேரையே வச்சிருக்காங்க. மழை பெஞ்ச தண்ணி நிக்காது, உள்ள இறங்கிடும். பலா வேருக்குத் தண்ணி கட்டினா ஆகவே ஆகாது, அதனாலதான் இந்த மேட்டுல இப்படி வருது. மிருதங்கக் கட்டைக்கும் பண்ருட்டிப் பலான்னு கேட்டு வாங்குறாங்க.

2011 டிசம்பர் 30 தானே புயல்ல அந்த மேடு மொத்தமும் படுத்துடுச்சு. முந்திரிக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்னு வச்சா மூணாம் வருஷமே காய் பார்க்கலாம். விதைப் பலாவுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும். இன்னைக்கு நீங்க வெட்டுற பழத்துல பாதி, புயலுக்கு அப்புறம் பொறுமையா தண்ணி ஊத்தி வளர்த்த மரத்துதுன்னு நெனச்சுக்கங்க.

பால்கனிவெயில்

செம்மண் அண்ணே, சென்னையில் பலா வாங்கும்போது முற்றினதா என்று எப்படிப் பார்ப்பது? கொட்டைக்காகவாவது நல்ல பழம் வேண்டும்.

செம்மண்

முள்ளைப் பாருங்க. பிஞ்சுல நெருக்கமா கூர்மையா இருக்கும். முத்தினா முள்ளு பருத்து, முனை மழுங்கி, ஒண்ணுக்கொண்ணு விலகி நிக்கும். கையால தட்டினா இளங்காய் டங்குனு சொல்லும், பழம் பொத்துனு சொல்லும். காம்புல ஆப்பு அடிச்ச அடையாளம் இருந்தா அவசரமா பழுக்க வச்சது, சுளை ஒரு பக்கம் கனிஞ்சு ஒரு பக்கம் வெளுத்திருக்கும். கொட்டையும் சுருங்கிப் போயிருக்கும்.

உப்பனாறு

கருவாட்டுக் குழம்பு வந்தாச்சு, மீன்குழம்பும் வரட்டும். தடைக்காலத்தில் நாட்டுப் படகில் கரையோரம் பிடிக்கிற மீனும், கழிமுகத்து மடவையும் கொடுவாவும் கிடைக்கும். மடவையில் சேற்று வாடை இருந்தால் கல்லுப்பும் கொஞ்சம் புளியும் போட்டுத் தேய்த்து, வயிற்றின் உள்ளே இருக்கிற கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வாடை அதில்தான் இருக்கிறது.

மீன் ஒரு கிலோவுக்குப் புளி பெரிய எலுமிச்சை அளவு, மாங்காய் போட்டால் பாதி. குழம்புத்தூள் மூன்று மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு பதினைந்து பல், தக்காளி மூன்று, நல்லெண்ணெய் 100 மில்லி. மண்சட்டியில் வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, தூளை எண்ணெயில் அரை நிமிஷம் பிரட்டிப் புளிக்கரைசல் ஊற்றுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, குழம்பு கால்பங்கு சுண்டிய பிறகுதான் மீன். ஏழு நிமிஷத்துக்கு மேல் கொதிக்க வேண்டாம். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும்.

வடகம் கடைசியில்தான். சின்னக் கரண்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் அடுப்பைக் குறைத்து, உதிர்த்த வடகத்தைப் போடுங்கள். முதலில் வெங்காயம் நுரைக்கும், பிறகு கடுகு வெடிக்கும், அப்புறம் உளுந்து சிவக்கும். உளுந்து செம்பொன் நிறத்துக்கு வரும் நொடியில் குழம்பில் கொட்டி, மூடி, பத்து நிமிஷம் திறக்காதீர்கள். இன்னும் பத்து எண்ணும் வரை விட்டால் வெந்தயம் கறுத்துக் கசந்துவிடும்.

பாகூரான்

இதுல ஒத்துக்க மாட்டேன் அண்ணே. எங்க பக்கம் வடவம்தான் முதல்ல. எண்ணெய் காய்ஞ்சதும் வடவம், அது சிவந்ததும் அதுமேலயே வெங்காயம். அப்படிச் செஞ்சா உளுந்து குழம்போட கொதிச்சுக் கரைஞ்சு கெட்டி கொடுக்கும், தேங்காய் அரைச்சு ஊத்தவே வேண்டாம். மறுநாள் குழம்பு இட்லிக்கு நிக்கும்.

உப்பனாறு

கெட்டி வரும், நியாயம்தான். ஆனால் கால் மணி நேரம் கொதித்தால் வாசனையில் பாதி ஆவியோடு போய்விடும். மறுநாளைக்கு என்று வைக்கிற குழம்புக்கு உங்கள் முறை, உடனே சோற்றில் ஊற்றிச் சாப்பிட என் முறை. இரண்டும் வேண்டும் என்றால் அரை உருண்டை முதலில், அரை உருண்டை கடைசியில் போடலாம்.

தில்லைவனம்

சிதம்பரத்திலிருந்து. சைவத்துக்கும் ஒரு வரி. முளைக்கீரையைக் கடைந்து இறக்கும்போது கால் உருண்டை வடகம் தாளித்தால் வேறு எதுவும் வேண்டாம். மோர்க்குழம்புக்கும் ஆகும். எங்கள் ஊர்க் கத்தரிக்காய் கொத்சுக்கு மட்டும் போடாதீர்கள். அதற்கு வறுத்து அரைத்த மல்லி, மிளகாய் வாசனை தனி, வடகம் அதை அமுக்கிவிடும்.

துவையலுக்கு: ஒரு உருண்டையை எண்ணெயில் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் மிளகாய் வற்றல் ஐந்து, தேங்காய் அரை மூடி, சுண்டைக்காய் அளவு புளி வதக்கி அரைக்க வேண்டும். பொரித்த வடகத்தைக் கடைசிச் சுற்றில் மட்டும் சேர்த்து ஒன்றிரண்டாக விடுங்கள். முதலிலேயே போட்டு நைசாக அரைத்தால் வெந்தயம் கசப்பைக் கக்கும்.

பால்கனிவெயில்

ஒரு கிலோ போட்டுவிட்டேன், இன்று நாலாம் நாள். இரண்டு சந்தேகம். பாத்திரத்தில் இன்னும் அரை டம்ளர் சாறு இருக்கிறது. உருட்டினால் உருண்டை விரிசல் விட்டு உதிர்கிறது.

கெடிலக்கரை

உதிர்வது, வெங்காயம் அதிகம் காய்ந்து சாறு வெளியே நிற்பதால். இன்று உருட்டாதீர்கள். காய்ந்ததை அப்படியே உதிரியாகச் சாற்றில் போட்டு, கையால் அழுத்தி, மேலே ஒரு தட்டு வைத்துக் கனமான கல் ஒன்றை ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் சாறு பெரும்பாலும் உள்ளே போயிருக்கும். மிச்சம் ஒன்றிரண்டு கரண்டி இருந்தால் தாம்பாளத்தில் ஊற்றித் தனியாக வெயிலில் சுண்டவிட்டு, அந்தப் பிசினை வழித்து இதோடு பிசைந்துவிடுங்கள்.

பிறகு விளக்கெண்ணெய் 50 மில்லி. மொத்தமாக ஊற்றாமல் உள்ளங்கையில் தடவித் தடவிப் பிடியுங்கள். அப்படியும் விரிந்தால் அந்த ஈடு வெங்காயம் பெரிதாக நசுங்கியிருக்கிறது, இரண்டு கைப்பிடி எடுத்து மறுபடி இடித்துச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பிடித்த உருண்டையை முதல் நாள் பன்னிரண்டரைக்கு எடுத்ததும் மூடி வைக்க வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே சாயங்காலம் வரை இருக்கட்டும்.